சாவி யார் இடுப்பில்

எங்கள் வீட்டுக்கு 1989இல் வந்த டிவிக்குக் கதவு இருந்தது. இரண்டு பக்கமிருந்தும் மரப்பலகையை இழுத்து நடுவில் பூட்டும் ஷட்டர். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அவர் அலுவலகம் போனால் டிவியும் போய்விடும். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் நேரத்துக்கு அவர் வரத் தாமதமானால் அக்கா ஒரு ஊக்கை நிமிர்த்திப் பூட்டைத் திறந்துவிடுவாள். நான் வாசலில் காவல் நிற்பேன்.

நான்கு வருடம் கழித்து டெலிபோன் வந்தது. சுழற்றும் டயல் வைத்த கறுப்புப் போன். அதன் டயலுக்கும் ஒரு சின்னப் பூட்டு வந்தது. பில் எகிறுகிறது என்று அப்பா காரணம் சொன்னார். ஆனால் அக்காவைக் கேட்டு ஓர் ஆண்குரல் பேசிய அதே வாரத்தில்தான் பூட்டை வாங்கிவந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரிசீவர் வைக்கும் குமிழை வேகமாகத் தட்டினால் டயலைத் தொடாமலே எண் போகும். நாலுக்கு நாலு தட்டு, பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு. அதையும் அக்காதான் கண்டுபிடித்தாள்.

அதே அக்கா 2021 ஜூனில் திருநெல்வேலியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். மகள் எட்டாம் வகுப்பு, ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்கியாயிற்று.

"நீதான் இதெல்லாம் தெரிஞ்சவ. புள்ள போன்ல ஏதாவது பூட்டு போட்டுக் கொடேன். பேரன்டல் கன்ட்ரோலாம்லா, பள்ளிக்கூடத்துல சொன்னாவ."

"பெரியவன் போனுக்கு?"

"அவன் ஆம்பளப் புள்ள. பிளஸ் ஒன் படிக்கான். அவனுக்கு எதுக்கு?"

போட்டுக் கொடுத்தேன். நான்கு எண்களைக் கடவுச்சொல்லாக வைத்து அக்காவிடம் மட்டும் சொன்னேன். ஊக்கை நிமிர்த்தியவளிடம் சாவி போய்ச் சேர்ந்ததை நினைத்து அன்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். இந்தப் பூட்டு எங்கே செய்யப்பட்டது, யார் செய்தார்கள், பிள்ளைகளைக் காக்கத்தான் செய்தார்களா என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். போடும் முன்பே தேடியிருக்க வேண்டும்.

இது அமெரிக்காவில், ஒரு பயத்திலிருந்து தொடங்குகிறது. 1995 ஜூலை 3 தேதியிட்ட டைம் வார இதழின் அட்டையில் கணினி வெளிச்சத்தில் திகைத்துப்போன ஒரு குழந்தை முகம். இணையம் முழுக்க ஆபாசம் என்பது உள்ளே இருந்த செய்தி. அதற்கு ஆதாரமாகக் காட்டியது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் ஒருவரின் ஆய்வு. அந்த ஆய்வில் எண்ணப்பட்டவை பெரும்பாலும் வயதுவந்தோர் காசு கொடுத்து நுழையும் தனி மின்பலகைகளின் படங்கள். அவற்றைக் கொண்டு இணையத்தை எடைபோட முடியாது. சில வாரங்களிலேயே ஆய்வு கிழித்துப் போடப்பட்டது, பயம் மட்டும் தங்கிவிட்டது. 1996 பிப்ரவரி 8 அன்று தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டம் கையெழுத்தானது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கண்ணில் படும்படி 'ஒழுக்கக் கேடான' எதையும் இணையத்தில் போட்டால் இரண்டு வருடம்வரை சிறை. எது ஒழுக்கக் கேடு என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. கருத்தடை பற்றியும் எய்ட்ஸ் பற்றியும் எழுதுகிறவர்களும் மாட்டிக்கொள்ளலாம் என்று குடியுரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன.

அந்த வழக்கில்தான் நம் பூட்டு மேடையேறியது. அரசு தணிக்கை செய்யத் தேவையில்லை, பெற்றோரே தங்கள் வீட்டுக் கணினியில் வடிகட்டி மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாமே என்பது சட்டத்தை எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்று. 1997 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், பெற்றோருக்கான இத்தகைய மென்பொருள்கள் விரைவில் பரவலாகக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அடுத்து 1998இல் வந்த இன்னொரு சட்டத்தையும் 2004இல் இதே காரணம் காட்டித்தான் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

கருத்துரிமைக்கு இது வெற்றி, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 'அரசின் தணிக்கையை விட இது மேல்' என்பதுதான் நீதிமன்றத்தில் இந்தப் பூட்டுக்குக் கிடைத்த சான்றிதழ். குழந்தைகளைக் காக்கிறதா என்ற கேள்வி ஓரமாகத்தான் நின்றது. அரசின் கையிலிருந்த கத்தரிக்கோல் குடும்பத்தின் கைக்கு வந்தது. குடும்பத்துக்குள் யார் யாரைக் கத்தரிப்பார்கள் என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை, அது வழக்கின் பொருளும் அல்ல.

அந்த மென்பொருள்கள் எப்படி வேலை செய்தன? சில சொற்களைத் தேடும், கண்டால் அடைக்கும். கூடவே நிறுவன ஊழியர்கள் தயாரித்த ஒரு பட்டியல், அதில் உள்ள தளங்களும் அடைபடும். அந்தப் பட்டியல் வியாபார ரகசியம், வாங்கிய பெற்றோருக்கே தெரியாது. இதன் முதல் கோளாறுகளில் பெண்கள் அகப்பட்டது தற்செயல் இல்லை. 1995 டிசம்பரில் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் 'முலை' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கெட்ட வார்த்தைகளில் சேர்த்தது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில் தங்கள் நோயின் பெயரையே எழுத முடியவில்லை. அவர்கள் போட்ட சத்தத்தில்தான் அந்தச் சொல் திரும்பியது. 1996இல் சைபர்சிட்டர் என்ற வடிகட்டி, அமெரிக்காவின் பெரிய பெண்ணிய அமைப்பான தேசியப் பெண்கள் அமைப்பின் தளத்தையே அடைத்துவைத்திருந்தது தெரியவந்தது.

சொல்லைக் கண்டதும் அடைக்கிற வடிகட்டி எந்திரமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு 2002இல் வந்தபோது நம் ஊரில் எழுந்த கூச்சலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அட்டையோடு நின்றுகொண்டவர்கள் எத்தனை பேர்!

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2000 மார்ச்சில் இரண்டு நிரலாளர்கள் சைபர் பேட்ரோல் என்ற வடிகட்டியின் ரகசியப் பட்டியலை உடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினார்கள். அவர்கள்மீது வழக்குப் போட்டது மேட்டல் நிறுவனம். ஆம், பார்பி பொம்மை செய்கிற மேட்டல்தான். அப்போது அந்த வடிகட்டியின் உரிமையாளரும் அவர்களே. சிறுமிகள் எந்த இடுப்பளவைப் பார்த்து வளர வேண்டும் என்று சொன்னவர்களே அவர்கள் எதைப் பார்க்கக் கூடாது என்ற பட்டியலையும் வைத்திருந்தார்கள்.

சரி, அதெல்லாம் ஆரம்பக் கோளாறு, பிறகு சரியாகியிருக்கும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கைசர் குடும்ப அறக்கட்டளை 2002இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கும்வரை. பள்ளிகளிலும் நூலகங்களிலும் இருந்த வடிகட்டிகளை எடுத்து, நலவாழ்வுத் தகவல் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் அவற்றுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். மிகத் தளர்வான அமைப்பில் வைத்தபோது ஆபாசத்தில் 87 சதவீதம் அடைபட்டது. நலவாழ்வுத் தளங்களில் 1.4 சதவீதம் மட்டுமே அடைபட்டன. மிக இறுக்கமாக வைத்தபோது ஆபாசத்தில் 91 சதவீதம் அடைபட்டது. நலவாழ்வுத் தளங்களில் 24 சதவீதம் அடைபட்டன. அதாவது பூட்டை முழுக்கத் திருகினால் கூடுதலாகக் கிடைப்பது நான்கு சதவீதப் பாதுகாப்பு. அதற்கு விலை, உடலைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பக்கங்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்று.

நான் அக்கா மகள் போனில் எந்த அமைப்பை வைத்தேன்? 'மிக இறுக்கம்' என்பதைத்தான். வேறு எதையும் தொடக்கூட இல்லை. இரண்டு வாரத்தில் அவள் கூப்பிட்டாள். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. ஆன்லைன் வகுப்பில் ஆசிரியை அதை 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று தாண்டிவிட்டார். இவள் தானே தேடியிருக்கிறாள். "சித்தி, ஒண்ணுமே வர மாட்டேங்கு. பூட்டுப் படம்தான் வருது. நான் தப்பா ஏதாவது தேடிட்டேனா?" அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் காதில் கிடந்தது. அவளுக்கு மாதவிடாய் தொடங்கி அப்போது ஐந்து மாதம்.

பிரிட்டனில் பூட்டு இன்னும் பெரிய அளவில் வந்தது. 2013 ஜூலையில் பிரதமர் டேவிட் கேமரூன், பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் வடிகட்டியை முன்கூட்டியே தேர்வுசெய்து வைக்கும் என்று அறிவித்தார். வேண்டாதவர்கள்தான் சொல்லி எடுக்க வேண்டும். அந்த டிசம்பரில் பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி சோதித்துப் பார்த்தது. டாக்டாக் நிறுவனத்தின் வடிகட்டி சில ஆபாசத் தளங்களை உள்ளே விட்டது. ஆனால் இளைஞர்களுக்கான பாலியல் கல்வித் தளம் ஒன்றை அடைத்தது. எடின்பரோவில் வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தின் தளத்தையும் ஆபாசம் என்று அடைத்திருந்தது. எந்தக் குழந்தைக்கு நாளை அந்த மையத்தின் தொலைபேசி எண் தேவைப்படுமோ, அந்தக் குழந்தையின் வீட்டில் அது திறக்காது.

ஆனால் கெட்டதிலிருந்தாவது காத்ததா? ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தின் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் கேட்டது. ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் திரட்டிய தரவுகளைப் பார்த்தார்கள். வீட்டில் வடிகட்டி இருப்பதற்கும் பிள்ளை கண்ணில் பாலியல் படம் படாமல் இருப்பதற்கும் இருந்த தொடர்பு, இல்லை என்றே சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது. ஒரே ஒரு பிள்ளையைக் காப்பாற்ற 17 முதல் 77 வீடுகள்வரை வடிகட்டி போட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. காரணம் ஊகிக்க முடியாததா? பக்கத்து இருக்கைப் பையனின் போனில் பூட்டில்லை. மாமா மகனின் லேப்டாப்பில் பூட்டில்லை. நாங்கள் குமிழைத் தட்டினோம், அவர்கள் வேறு வழி கண்டுபிடிக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் கதை வேறு. நாலு வயதுக் குழந்தை கார்ட்டூன் தேடிப் போய் வேறெங்கோ விழாமல் இருக்கவும், விளையாட்டுச் செயலியில் அப்பாவின் வங்கிக் கணக்கைக் காலி செய்யாமல் இருக்கவும், இரவு பத்து மணிக்கு இணைப்பை அணைக்கவும் இவை உதவும். நான் அதற்கெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

என்னை உண்மையிலேயே கலங்கவைத்தது அடுத்த கட்டம். கணினி மேசையிலிருந்து இணையம் பைக்குள் வந்ததும் பூட்டுக்குக் கண் முளைத்தது. தளத்தை அடைப்பதோடு நிற்காமல் பிள்ளை எங்கே போகிறாள், யாருக்கு என்ன எழுதுகிறாள் என்று அம்மா போனுக்கு அனுப்பும் செயலிகள் வந்தன. பமீலா விஸ்னியூஸ்கியும் சகாக்களும் 2017இல் 75 பாதுகாப்புச் செயலிகளை எடுத்து அவற்றின் வசதிகளை வகைப்படுத்தினார்கள். 89 சதவீத வசதிகள் பெற்றோர் கட்டுப்படுத்துவதற்கானவை, அதாவது பெரும்பாலும் கண்காணிப்பதும் தடுப்பதும். பிள்ளையும் பெற்றோரும் உட்கார்ந்து பேச உதவுபவை மிகச் சொற்பம். அடுத்த ஆண்டு அதே வட்டத்து ஆய்வாளர்கள், பிள்ளைகளே செயலிக் கடையில் எழுதிய 736 மதிப்புரைகளைப் படித்தார்கள். 76 சதவீதப் பிள்ளைகள் கொடுத்தது ஒற்றை நட்சத்திரம். பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தள்ளிவிடலாம். ஆனால் வேறு எங்கே போய் அவர்கள் முறையிட முடியும்?

கண் முளைத்த பூட்டு பிள்ளையோடு நிற்கவும் இல்லை. கார்னெல் டெக் ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, கணவர்களும் காதலர்களும் பெண்களை வேவு பார்க்கப் பயன்படுத்தும் செயலிகளை 2018இல் ஆராய்ந்தது. வேவு பார்க்கவென்றே விற்கப்படுபவை குறைவு. பெரும்பாலானவை பிள்ளைப் பாதுகாப்பு, தொலைந்த போனைக் கண்டுபிடித்தல் போன்ற நல்ல காரணங்களோடு செயலிக் கடையில் பகிரங்கமாகக் கிடைப்பவை. மகள் போனில் போடத் தெரிந்தவனுக்கு மனைவி போனில் போட ஐந்து நிமிடம் போதும். 2019இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ரெட்டினா-எக்ஸ் என்ற நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. பிள்ளைகளையும் ஊழியர்களையும் கண்காணிக்க என்று சொல்லி விற்ற அதன் செயலிகள், வேவு பார்க்கப்படுபவருக்குத் தெரியாமல் இயங்கக்கூடியவையாக இருந்தன. அதன் கிடங்கிலிருந்து தகவல்களும் திருடப்பட்டிருந்தன. 2018இல் டீன்சேஃப் என்ற இன்னொரு செயலி, பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குக் கடவுச்சொற்களைத் திறந்த வாசலில் போட்டு வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பிள்ளையின் பாதுகாப்புக்காக வைத்த சாவி, தெருவில் போகிறவன் எடுக்கும்படி கிடந்தது.

நம் நாட்டில் இதற்கு மென்பொருள்கூடத் தேவைப்படவில்லை. 2016 பிப்ரவரியில் குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் சூரஜ் என்ற ஊர், மணமாகாத பெண்கள் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தது. மீறினால் 2,100 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுத்தால் 200 ரூபாய் பரிசு. பையன்களுக்குத் தடையில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தவர்கள் 54 சதவீதம். இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 57 சதவீதம். பெண்பிள்ளைக்குப் போனில் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சை நான் இந்த எண்களோடு சேர்த்துத்தான் கேட்கிறேன். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைப் பெறப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் பிள்ளைகளைப் பின்தொடர்வதை அதே சட்டம் தடுப்பது நல்லது. ஆனால் கல்லூரியில் சேரப்போகிற பதினேழரை வயதுப் பெண் ஒரு கணக்குத் தொடங்க அப்பாவின் ஒப்புதலுக்கு நிற்பது எனக்கு அந்த டயல் பூட்டைத்தான் நினைவுபடுத்துகிறது.

இந்தப் பூட்டுகள் எல்லாம் ஆபத்து வெளியிலிருந்து, முகம் தெரியாதவனிடமிருந்து வரும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலும் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவன் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. பொள்ளாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இளம்பெண்களுக்கு நேர்ந்தது, பூட்டு பற்றிய வழக்கும் இல்லை. ஆனாலும் அதில் நமக்குத் தெரிய ஒன்று இருக்கிறது. நட்பாகப் பழகியவர்கள் எடுத்த வீடியோக்கள் அத்தனை வருடம் மிரட்டலாக வேலை செய்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல. 'வீட்டுக்குத் தெரிந்துவிடும்' என்ற பயம். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி புகார் கொடுத்தார். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பயத்தை மீறி வாய் திறந்த பெண்களால் வந்த தண்டனை அது.

இதை நான் அரங்கத்தில் பேசிவிட்டு வந்த ஒரு சனிக்கிழமை இரவு அக்கா மகள் கூப்பிட்டாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. குரலைத் தாழ்த்திப் பேசினாள், குளியலறையில் இருந்திருக்க வேண்டும். அத்தானின் நண்பர் ஒருவர், வீட்டுக்கு வந்துபோகிறவர், அவள் 'மாமா' என்று கூப்பிடுகிறவர். நாலு மாதமாக அவளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். முதலில் பாடம் பற்றி, பிறகு உடை பற்றி, பிறகு படம் கேட்டு. அவர் எண் அவள் போனில் அக்காவே பதிந்து கொடுத்தது. செயலி அதை நம்பகமான தொடர்பு என்று வைத்திருந்தது. வாரா வாரம் அக்கா போனுக்கு வந்த அறிக்கையில் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தது.

"ஏன் இத்தன நாள் அம்மாட்ட சொல்லல?"

"சொன்னா போனைப் பிடுங்கிருவாவ சித்தி. அப்புறம் கிளாஸும் கிடையாது, பிரெண்ட்ஸும் கிடையாது. என்னய டியூஷனுக்கும் அனுப்ப மாட்டாவ."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. எனக்கு அந்த வீடு தெரியும், நான் வளர்ந்த வீடு மாதிரிதான்.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனேன். அக்காவைச் சமையலறையில் உட்காரவைத்து, பிள்ளை போனைப் பிடுங்குவதில்லை, பள்ளியை நிறுத்துவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் செய்திகளைக் காட்டினேன். அவள் முதலில் கேட்டது, "இந்த ஆப்பு இதைச் சொல்லலையே?" என்பதுதான். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆளை என்ன செய்தோம் என்பது பிள்ளையின் கதை, அவள் சம்மதமின்றி இங்கே எழுத மாட்டேன். இவ்வளவையும் அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். டயல் பூட்டு பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. "அம்மாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது அக்கா மகளைக் கூப்பிட்டு அந்த நான்கு எண்களைச் சொன்னாள். அது அப்பா டிவி வாங்கிய வருடம், 1989. பெரியவன் கூடத்தில் சோபாவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போனில் இன்றுவரை எதுவும் போடவில்லை.